கொட்டை எழுத்து

பண்ருட்டியில் ஏறும் ஐந்தே முக்கால் பஸ்ஸில்
என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.
பருப்புத் தோல் உரித்த கையின் வாசம்
நெல்லிக்குப்பம் தாண்டியும் இறங்காது.

வீட்டுக்குப் பின்னால் தகரத் தடுப்பு.
சேலையை அங்கேயே அவிழ்த்து வாளியில் அமுக்கி
நகக்கண்ணைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து
இரண்டு முறை சோப்பு.
அதுவரை யோகித்
கதவுக்கு உள்ளே நின்று எண்ணிக்கொண்டிருப்பான்.
இருநூறு வந்தால்தான் அம்மா.

முந்திரி அவனுக்கு ஆகாது.
முந்திரியில்தான் எங்களுக்குச் சோறு.
சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு,
நானும் சிரித்திருக்கிறேன், வேறென்ன செய்ய.

அன்று லாரன்ஸ் ரோட்டுக் கடையில்
வெள்ளை சாஸ் பாஸ்தா, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.
முதுகிலிருந்த பொடி எழுத்தை
செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கி
கடைக்காரர் மகளிடம் நீட்டினேன்.
கோதுமை ரவை, பால் பவுடர், சோள மாவு,
உப்பு, பூண்டு, மிளகு, என்னென்னவோ எண்கள்.
"இன்னொரு வாட்டி படி பாப்பா."
படித்தாள்.
முந்திரி இல்லை.
இருக்கலாம் என்றுகூட இல்லை.

சாஸ் பொடியைப் பிரித்தபோது
மூக்கில் ஏறியது கம்பெனி வாசம்.
என் கைதான் என்று நினைத்தேன்.
அடுப்பை அணைத்துவிட்டுப் போய்
மூன்றாம் முறை சோப்பு போட்டு வந்து
கிளறினேன்.

நாலு வாய்.
"அம்மா, நாக்குல என்னமோ ஊருது."
உதடு தடித்தது, கழுத்து முழுக்கத் திட்டுத் திட்டாய்ச் சிவப்பு,
கெடிலம் பாலத்தில் ஆட்டோ போகும்போது
அவன் மூச்சில் ஒரு விசில்.

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரி. தொடையில் ஊசி.
என்ன சாப்பிட்டான் என்று கேட்டார் நர்ஸ் ஃப்ளோரா.
பிறகு, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று.
அதற்கப்புறம் பாஸ்தாவைப் பற்றி
யாரும் கேட்கவில்லை.
விடியும்வரை வீட்டுக்காரர்
என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நானும்.

நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை.
ஐந்தாம் நாள் என் கையில்
புளியும் துணி சோப்பும் மட்டும் மணத்தன.
அவன் பள்ளிக்கூடம் போனபின்
இலவசமாய் வந்த இரண்டாம் பாக்கெட்டை எடுத்து
தகரத் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன்.

அதே வாசம்.

உள்ளங்கையில் கொட்டித் தேய்த்தேன்.
வெள்ளைக்குள் மங்கலாய் ஒரு மஞ்சள்,
விரலில் ஒட்டும் எண்ணெய்.
பதினோரு வருஷம் சலித்த கைக்கு
ரகம்கூடத் தெரியும்:
முழுசு இல்லை, பாதி இல்லை, துண்டும் இல்லை,
சல்லடைக்கு அடியில் விழுகிற தூள்.

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில்
இரண்டு கவரையும் வைத்தேன், பேட்ச் நம்பர் கிழியாமல்.
"முந்திரின்னு எப்படிம்மா சொல்றீங்க?"
கையை நீட்டினேன்.
ஓட்டுப் பால் பட்டுக் கறுத்த விரல்களைப் பார்த்து
"இதை ஃபாரத்துல எழுத முடியாதே" என்றார்,
கேலியாக இல்லை.
கடையில் பிரிக்காத பாக்கெட் எடுத்து
லேபுக்கு அனுப்புவதாகச் சொன்னார்.
ரசீது இருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.
யாரும் சொல்லாமலே அந்தத் தட்டைக்
காலி செய்துவிட்டாள் கடைக்காரர் மகள்.

திங்கட்கிழமை, தூள் மூட்டைகள் தைத்து நின்றன.
வெறும் வெள்ளைச் சாக்கு, எடை மட்டும் எழுதி.
"இதெல்லாம் எங்கண்ணே போகுது?"
பதினோரு வருஷத்தில் முதல் தடவை கேட்டேன்.
"மசாலா கம்பெனி, பிஸ்கட் கம்பெனி,
யாரு கண்டா" என்றார் தணிகாசலம்.

எடை எழுதும் மார்க்கரை வாங்கினேன்.
எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும்.
எழுதினேன், ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தும் தெரிகிற மாதிரி,
கொட்டை எழுத்தில்
கொட்டையின் பேரை.

மை தீர்வதற்குள்
இன்னும் முப்பத்தொரு மூட்டை.